ஷெரிஃப் கண்டுகொள்ளாவிட்டாலும் சட்டம் சட்டம்தான்: சியாட்டில் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு

பெல்வியூ, ரெட்மண்ட், சம்மாமிஷ் பக்கம் வேலைக்கு வரும் நம்மவர்கள் வாடகை, பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். துப்பாக்கியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரின் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாம். வாஷிங்டன் மாநிலத்தில் அதை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளப் பெரும்பாலான இடங்களில் உரிமம் தேவையில்லை. பதறாதீர்கள்.

தமிழ்நாட்டில் மாவட்ட எஸ்.பி. அரசு நியமிக்கும் அதிகாரி. தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கியையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இங்கே கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியின் காவல் தலைவரான ஷெரிஃப், பெரும்பாலும் ஓட்டுக் கேட்டு வென்று வருபவர். சியாட்டிலும் மேலே சொன்ன ஊர்களும் அடங்கிய கிங் கவுண்டி இதற்கு விதிவிலக்கு: 2020இல் நடந்த வாக்கெடுப்பின்படி இங்கே ஷெரிஃபை நியமிக்கிறார்கள். பெல்வியூவுக்கும் ரெட்மண்டுக்கும் சொந்தப் போலீஸ் உண்டு. சம்மாமிஷுக்குக் கவுண்டி ஷெரிஃப் அலுவலகமே ஒப்பந்தத்தில் காவல் பார்க்கிறது.

ஓட்டு வாங்கி வருகிற ஷெரிஃப் தன் ஊர் மக்களின் மனத்தைப் பார்த்துத்தான் நடப்பார். ஓர் உதாரணம்: 2018 நவம்பரில் மாநில மக்களின் நேரடி வாக்குக்கு விடப்பட்ட 1639ஆம் எண் மக்கள் முன்மொழிவு கிட்டத்தட்ட 59 சதவீத ஆதரவுடன் நிறைவேறியது. அரைத் தானியங்கி ரைஃபிள் (நீளத் துப்பாக்கி) வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், வாங்குபவரைப் பற்றிய பின்னணிச் சோதனை கடுமையாக இருக்கும், துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும் என்பவை அதன் சாரம். உடனே, மலைக்கு அப்பால் உள்ள ரிபப்ளிக் என்ற சிற்றூரின் போலீஸ் தலைவர் லோரன் கல்ப் இதை அமல்படுத்த மாட்டேன் என்று அறிவித்தார். பத்துக்கும் மேற்பட்ட ஷெரிஃப்கள் அதே பாதையில் நின்றார்கள். ஆயுதம் வைத்திருப்பது அரசமைப்பு தந்த உரிமை, அதைக் காப்பதாகத்தான் உறுதிமொழி எடுத்திருக்கிறோம் என்பது அவர்கள் வாதம். போலீஸ் வந்து சேர வெகுநேரம் ஆகும் கிராமத்தில் வாழ்பவருக்குத் துப்பாக்கி எவ்வளவு பெரிய தைரியம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் மக்கள் வாக்களித்து இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாமே தவிர, ஷெரிஃப் தள்ளிவைக்கக் கூடாது. அன்றைய மாநில அட்டர்னி ஜெனரல் பாப் ஃபெர்குசனும், பின்னணிச் சோதனை செய்யாமல் விட்டு, அதனால் ஆபத்தானவர் கையில் ஆயுதம் சேர்ந்து தீங்கு நேர்ந்தால் நீங்களே பொறுப்பாக நேரிடும் என்று 2019இல் அவர்களுக்கு எழுதினார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ‘எங்கள் ஷெரிஃப் இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார், சுட்டுப் பாருங்கள்’ என்று அலுவலக நண்பர் ஒருவர் உங்களைச் சுடுதளத்துக்கு அன்போடு அழைப்பார். நீங்கள் எச்1பி, எச்4, எஃப்1 விசாவில் இருந்தால் போகாதீர்கள். தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. சுடுதளத்தில் சற்று நேரம் கையில் வாங்கினாலும் அந்தத் தடைக்குள் வரும். 15 ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு, விசாவும் பறிபோகலாம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. ஆனால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பாதீர்கள். மத்தியச் சட்டத்தை அமல்படுத்த மத்திய அதிகாரிகளே இருக்கிறார்கள், உள்ளூர் ஷெரிஃபின் மனநிலை அங்கே உதவாது. கிரீன் கார்டு வந்த பிறகு கதை வேறு.

பிள்ளையைத் தோழன் வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், “வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். நமக்குக் கூச்சமாக இருக்கும். துப்பாக்கி வைத்திருக்கும் பெற்றோர் பலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியாக, போலீஸ் உங்கள் காரை நிறுத்தினால் ஊரில் செய்வதுபோல் காகிதங்களோடு இறங்கி ஓடாதீர்கள். உள்ளேயே இருங்கள், இரு கைகளையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். எந்தக் காரிலும் துப்பாக்கி இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அவர் நடந்து வருகிறார். காப்பீட்டுத் தாள் முன்பெட்டியில் இருந்தால், “எடுக்கலாமா?” என்று கேட்டுவிட்டு மெதுவாக எடுங்கள்.