வன உயிரியல் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வன உயிரியலில் முதுகலைப் படிப்பு உண்டு. டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. பெங்களூரில் வழக்கமாக ஓராண்டு விட்டு ஓராண்டுதான் சேர்க்கை என்பதைக் கவனிக்காமல் காத்திருந்து ஏமாறுவோர் இருக்கிறார்கள்.

சேர்ந்த பிறகு செய்யும் தவறுகளில் பெரியது, புள்ளியியலைத் தேர்ச்சிக்கான ஒரு தாளாக மட்டும் நினைத்து ஒதுக்குவது. விலங்குகளின் மீதுள்ள ஆசையால் இப்படிப்புக்கு வருவோர் பலருக்குக் கணக்கு என்றாலே கசப்பு. ஆனால், இத்துறையின் முதுகெலும்பே எண்ணிக்கைதான். 2001-02ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, காலடித் தடங்களை வைத்து, நாட்டில் 3,642 புலிகள் இருப்பதாகச் சொன்னது. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலியே இல்லை என்று 2005இல் உறுதியானபோது அந்த முறையின் மீதிருந்த நம்பிக்கை தகர்ந்தது. தானியங்கி கேமராக்களையும் புள்ளியியல் மாதிரிகளையும் கொண்டு 2006இல் எடுத்த மதிப்பீடு 1,411 என்று வந்தது. முறை மாறியதால் இவ்விரு எண்களையும் நேருக்கு நேர் கழித்துப் பார்த்து, இத்தனை புலிகள் செத்தன என்று எழுதக் கூடாது. மாணவர் ஆய்வேடுகளில் இந்தப் பிழை எளிதில் நுழைந்துவிடும்.

இதன் வேர், கண்ணில் பட்டதையே காட்டில் இருப்பதாகக் கொள்ளும் பழக்கம். முதுமலையில் தெப்பக்காட்டுச் சாலையோரப் புள்ளிமான்களை வண்டியில் இருந்தபடியே எண்ணிவிடலாம். உண்ணிச்செடி மண்டிய சரிவில் பத்தடி தள்ளி நிற்கும் கடமானைக் கவனிக்காமல் கடந்துவிடுவோம். ஆகவேதான் நேர்கோட்டுப் பாதையில் நடந்து கணக்கெடுக்கும்போது, ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தொலைவில், எந்தக் கோணத்தில் தென்பட்டது என்று கருவிகொண்டு அளந்து பதிகிறோம். கண்மதிப்பில் ஐம்பது, நூறு என்று முழு எண்களாகவே எழுதிவைத்தால், இந்தத் தொலைவுகளிலிருந்து தவறவிட்ட விலங்குகளைக் கணிக்கும் கணக்கு முழுவதும் கெடும். எதையும் பார்க்காத நாளின் படிவத்தைத் தூக்கிப் போடுவது அதைவிடக் கேடு. சுழியம் எழுதிய அந்தத் தாளும் தரவுதான், சோர்வாக இருந்தாலும் நிரப்பியே ஆக வேண்டும்.

அடுத்தது அனுமதி. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்தில் ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அச்சட்டம் மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணை விலங்கைப் பிடித்து ஆராய வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதியும் தேவை. நான்காம் பருவத்தில் களப்பணி என்றால் விண்ணப்பம் மூன்றாம் பருவத்தின் தொடக்கத்திலேயே போக வேண்டும். டிசம்பரில் கடிதம் எழுதிவிட்டு ஜனவரியில் காட்டுக்குள் போகலாம் என்று நினைப்பவர், கோப்பு நகரும் வேகத்தை அறியாதவர். அனுமதி தாமதமானால் கைகொடுக்க, காப்புக்காட்டுக்கு வெளியே ஏரியிலோ வயலிலோ செய்யக்கூடிய இன்னொரு கேள்வியை நெறியாளருடன் பேசி வைத்திருப்பது நல்லது.

தாவரங்களைத் தாவரவியல் துறையின் வேலை என்று விட்டுவிடுவதும் தவறே. நீலகிரியின் மலைப் புல்வெளியை வெற்றுநிலம் என்று கருதி முன்பு வாட்டில் எனப்படும் அயல்நாட்டுச் சீகை மரங்களை நட்டதால், புல்வெளியை நம்பி வாழும் வரையாடு தன் வாழிடத்தில் பெரும்பகுதியை இழந்தது. புல் எது, அயல் மரம் எது என்று தெரியாதவர் அங்கே வரையாட்டை மட்டும் எண்ணி என்ன சொல்லிவிட முடியும்?

வேலை பற்றிய தவறான கணக்கும் ஒன்று உண்டு. இந்திய வனப் பணித் தேர்வுக்கு வன உயிரியல் பட்டம் கட்டாயம் இல்லை. விலங்கியல், தாவரவியல், இயற்பியல், புள்ளியியல் முதலியவற்றில் ஒன்றைப் பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டமோ வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ போதும். வன அதிகாரி ஆவது மட்டுமே நோக்கம் என்றால், அத்தேர்வுக்குத் தனியாகத் தயாராக வேண்டும். முதுகலைச் சான்றிதழ் அந்த வேலையைச் செய்து தராது.