பால் வால்வைக் கழற்றும் முன் உள்ளே அடைபட்ட பிரஷரை இறக்குவது எப்படி?

2 இஞ்ச், மூன்று பீஸ் பால் (ball) வால்வு: நடுவில் பாடி, இரு பக்கமும் முனைத் துண்டுகள்; பாடிக்குள் துளை போட்ட உருண்டை, அதுதான் பால், அதை ஹேண்டிலோடு இணைக்கும் தண்டு ஸ்டெம். பாலின் இரு பக்கமும் அழுந்தி நிற்கும் வளையமான சீட் தேய்ந்து லீக் ஆகிறது, சீட்டையும் ஜாயின்ட்டை அடைக்கும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டும். பர்மிட், ஹெல்மெட், கிளவுஸ் எல்லாம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன். ஃபேஸ் ஷீல்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் கண்ணாடி போதாது.

1. லைனைப் பிரிப்பது

இரு பக்கத்து வால்வுகளையும் மூடி, பூட்டு போட்டு, டேக் மாட்டுங்கள். வேலை செய்பவர் பையில்தான் சாவி இருக்க வேண்டும். ஸ்டீம், ஆசிட், எரியும் வாயு ஓடும் லைன் என்றால் ஒற்றை வால்வை நம்பாதீர்கள், பிளைண்ட் (லைனை அடைக்கும் துளையில்லாத தகடு) போடுங்கள்.

2. டிரெயின்

பிரித்த லைனில் உள்ள டிரெயினை (உள்ளே இருப்பதை வெளியேற்றும் சிறு வால்வை) திறங்கள். பிரஷர் கேஜ் ஜீரோ காட்டுவதை வைத்து லைன் காலி என்று முடிவு கட்டாதீர்கள். கேஜுக்குக் கீழே உள்ள சிறு வால்வான காக் மூடியிருக்கலாம், கேஜுக்குப் போகும் வளைந்த சைஃபன் குழாய் அடைத்திருக்கலாம். டிரெயினைத் திறந்ததும் லைனில் இருந்தது வெளியே வந்து, மெல்லக் குறைந்து, நின்றதா? அதுதான் சாட்சி. தொடக்கத்திலிருந்தே ஒன்றும் வரவில்லை என்றால் அடைப்பு என்றே எடுத்துக்கொண்டு போல்ட்டைத் தொடாமல் விடுங்கள். ஸ்டீம் லைன் நன்றாக ஆறட்டும். 7 பார் ஸ்டீமின் சூடு சுமார் 170 டிகிரி; அந்தச் சூட்டில் தேங்கிய தண்ணீர் வெளிக்காற்றைத் தொட்டவுடன் ஆவியாகப் பாயும்.

3. பாதித் திறப்பு

பலரும் தவறவிடும் இடம் இது. லைன் முழுக்கக் காலியான பிறகும் வால்வுக்குள் பிரஷர் நிற்கும். வால்வு மூடியிருந்தால் பாலின் துளையிலும், பாலுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடத்திலும் சரக்கு சிக்கிக்கொள்ளும். முழுக்கத் திறந்திருந்தாலும் பாலைச் சுற்றியுள்ள இடத்தை இரண்டு சீட்டும் அடைத்தே வைத்திருக்கும். 2 இஞ்ச் வால்வில் ஒரு டீ கிளாஸ் அளவுக்கு உள்ளே நிற்கலாம். முகத்தில் அடிக்க அது தாராளம்.

அதனால் டிரெயின் திறந்தே இருக்க, ஹேண்டிலை 45 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். முழுசாக மூடித் திறந்து, இதையே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். கடைசியில் பாதியிலேயே விட்டுவிட்டுப் போல்ட்டுக்குப் போங்கள்.

4. போல்ட்

ரிங் ஸ்பேனர் மட்டும் போதும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்கிவிடும். இம்பாக்ட் ரெஞ்ச் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். ஜாயின்ட் விலகுவது கைக்குத் தெரியாது.

பக்கவாட்டில் நின்று, உங்களுக்கு எதிர்ப்பக்கத்து நட்டை முதலில் ஒரு சுற்று தளர்த்துங்கள். எதையும் முழுக்கக் கழற்றாதீர்கள். பித்தளை ஆப்பால் ஜாயின்ட்டை லேசாக விலக்குங்கள். ஏதாவது மீதம் இருந்தால் உங்களை விட்டு விலகிப் போகும். சொட்டோ சீறலோ இல்லை என்று உறுதியான பிறகே போல்ட்டை உருவலாம்.

5. உள்ளே

பாடியை வெளியே எடுத்து, ஸ்டெம்மை மூடிய நிலைக்குத் திருப்பினால்தான் பால் நழுவி வரும். சீட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பாடியில் கீறல் விழும், புதுச் சீட்டும் லீக் ஆகும். மரக்குச்சி போதும். பாலின் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் பாலையும் மாற்றுங்கள். ஸ்டெம் உள்பக்கமாகத்தான் வரும், மேலே இழுக்காதீர்கள். திரும்பப் பூட்டும்போது குறுக்கு வரிசையில், மூன்று சுற்றாக, தயாரிப்பாளர் சொன்ன டார்க் (இறுக்க விசை அளவு) வரை இறுக்குங்கள்.

பிற்சேர்க்கை: ஹேண்டில் இல்லாத வால்வு

ஹேண்டிலுக்குப் பதில் ஸ்பிரிங் ரிட்டர்ன் ஆக்சுவேட்டர் (ஏரால் வால்வைத் திருப்பி, ஸ்பிரிங்கால் திரும்பக் கொண்டுவரும் கருவி) இருந்தால் ஏர் போனதும் வால்வு முழுத் திறப்புக்கோ முழு மூடலுக்கோ ஓடிவிடும், பாதியில் நிற்காது. லைனைக் காலி செய்து, ஏரை எடுத்த பிறகு, ஆக்சுவேட்டரைக் கழற்றி ஸ்டெம்மின் தட்டைப் பக்கத்தில் ஸ்பேனர் வைத்துத் திருப்ப வேண்டும்.

எந்தப் போல்ட் ஆக்சுவேட்டரைப் பிடிக்கிறது, எது பிரஷரைப் பிடிக்கிறது என்று முதலில் டிராயிங்கில் பாருங்கள். 2016 நவம்பரில் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு பிளக் வால்வின் (உருண்டைக்குப் பதில் பிளக் என்ற அடைப்புக்கட்டை திரும்பும் வால்வின்) கியர்பாக்ஸைக் கழற்றியபோது, மேல்மூடியையும் சேர்த்துப் பிடித்திருந்த போல்ட்டுகள் கழற்றப்பட்டன. பிறகு பிளக்கைத் திருப்ப முயன்றதும் அது விலகி, ஐசோபியூட்டேன் கொட்டித் தீப்பற்றியது. 4 பேருக்குக் கடுமையான தீக்காயம்.

நீங்கள் கழற்ற வேண்டியது ஆக்சுவேட்டரை வால்வோடு இணைக்கும் பிராக்கெட் போல்ட் மட்டும். ஸ்டெம்மைச் சுற்றி லீக் ஆகாமல் அடைக்கும் பேக்கிங்கை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் நட்டைத் தொட வேண்டாம். ஆக்சுவேட்டரின் எண்ட் கவர் போல்ட்டிலும் ஸ்பேனர் வைக்காதீர்கள். ஏர் இல்லாதபோதும் உள்ளே ஸ்பிரிங் அழுந்தித்தான் இருக்கிறது.