குடிசைப் பகுதிக் குப்பைத் திட்டங்கள்: எங்கே தவறுகிறோம்?

லாரி நுழைய முடியாத, நில உரிமை ஆவணம் இல்லாத நெருக்கமான குடியிருப்புகளில் மக்களே நடத்தும் குப்பைத் திட்டங்கள் வீட்டு வாசலில் தோற்பது குறைவு. வீடு வீடாக வாங்கியாயிற்று, வண்டியில் ஏற்றியாயிற்று, அதற்கப்புறம் எங்கே கொட்டுவது என்று நிற்கும்போதுதான் பெரும்பாலும் தோற்கின்றன. வாளியும் வண்டியும் வாங்குவதில் தொடங்குவதே முதல் தவறு. குப்பை கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் தொடங்கி, வாசலை நோக்கித் திட்டம் போட வேண்டும்.

வெளியேறும் வழி இல்லாமல் தொடங்குவது

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 வீடுகள், வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம். மொத்தம் 1,000 கிலோ. ஈரமான வீட்டுக் குப்பை கன மீட்டருக்கு 350 கிலோ அளவில் எடை நிற்கும் என்று வைத்துக்கொண்டால், தினமும் ஏறக்குறைய 3 கன மீட்டர். குடியிருப்பின் முகப்பில் 3 கன மீட்டர் தொட்டி ஒன்றை வைத்துவிட்டு, நகராட்சி லாரி தினமும் வரும் என்று நம்பினால், லாரி இரண்டு நாள் தவறினால், அடுத்த முறை வருவதற்குள் 6 கன மீட்டர் குப்பை தரையில் கிடக்கும். அருகில் குடியிருப்பவர்கள் அதற்குத் தீ வைப்பார்கள், அல்லது வண்டிக்காரரை விரட்டுவார்கள். அவர்கள் மீது பிழை இல்லை.

எனவே நகராட்சியோடு வாய்ப்பேச்சு போதாது, எழுத்து வேண்டும். தொட்டி நிற்கும் இடம், அதன் கொள்ளளவு, லாரி வரும் நாளும் நேரமும், பொறுப்பாளரின் தொலைபேசி எண், லாரி வராவிட்டால் யாரிடம் சொல்வது என்பவை அதில் இருக்க வேண்டும். எழுதி வாங்கிய பிறகும், இரண்டு நாள் குப்பையைத் தாங்கும் கூடுதல் தொட்டி உங்களிடம் இருக்கட்டும்.

எடை போடாமல் வண்டி வாங்குவது

மேலே சொன்ன 400 கிராம் ஓர் எடுத்துக்காட்டுதான். உங்கள் குடியிருப்பின் அளவை நீங்களே எடை போட்டு அறிய வேண்டும். வெவ்வேறு சந்துகளிலிருந்து 40, 50 வீடுகளைத் தேர்ந்து, தொடர்ந்து 8 நாள் எடை போடுங்கள். முதல் நாள் வருவதில் பழைய இருப்பும் கலந்திருக்கும், அந்தக் கணக்கைத் தள்ளிவிடுங்கள். மீதி 7 நாளில் வார நாள், விடுமுறை நாள் இரண்டும் அடங்கிவிடும். சமையல் கழிவு, பிளாஸ்டிக், காகிதம், கண்ணாடி, டயப்பரும் நாப்கினும், மண்ணும் சாம்பலும் என்று தனித்தனியாக எடை எழுதுங்கள். மண்ணை மறந்துவிடுகிறார்கள். மண்தரை வீடுகளில் கூட்டி அள்ளும் மண்தான் வண்டியின் அச்சை உடைக்கிறது.

வண்டியைத் தேர்வு செய்வதற்கு முன் ஒவ்வொரு சந்தின் மிகக் குறுகிய இடத்தையும், திருப்பங்களையும், சாக்கடை மேல் போட்ட பலகைகளையும் அளந்துவிடுங்கள். இருபுறமும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி இல்லாவிட்டால் வண்டி சுவரை உரசிக்கொண்டுதான் போகும். 90 சென்டிமீட்டர் சந்துக்கு 60 சென்டிமீட்டர் தள்ளுவண்டிதான் சரி. மூன்று சக்கர மிதிவண்டி சந்து முனையில் நிற்கட்டும்.

குப்பை எடுக்கும் இடைவெளியும் விருப்பப்படி வைப்பதல்ல. வெப்பமான காலத்தில் ஈயின் முட்டை 7 முதல் 10 நாளில் ஈயாகிவிடுகிறது. புழுக்கள் அதற்கும் முன்பே குப்பையை விட்டு ஊர்ந்து வெளியேறிவிடும். வாரம் ஒருமுறை எடுத்தால் ஈயை வளர்த்துக் கொடுத்தது போலாகும். வாரம் இருமுறை என்பது குறைந்தபட்சம், ஒற்றை அறை வீடுகளில் தினமும் எடுப்பதே நல்லது. அந்த வீடுகளுக்குப் பெரிய தொட்டிகளை இலவசமாகக் கொடுப்பதும் வீண். தண்ணீர் பிடித்து வைக்க வழியில்லாத வீட்டில் மூடியுள்ள நல்ல தொட்டி தண்ணீர்த் தொட்டியாகத்தான் மாறும். ஈரக் குப்பைக்கு மூடியுள்ள சிறிய வாளி, உலர்ந்ததற்குச் சுவர் ஆணியில் மாட்டும் சாக்குப் பை, இவ்வளவு போதும்.

சமையல் கழிவை உரமாக்குவதில் நடக்கும் பிழைகள்

நல்ல எண்ணத்தோடு தொடங்கி அதிகம் பேர் கைவிடுவது இதைத்தான். நாற்றம் வந்ததும் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பார்கள், ஒரே மாதத்தில் மூட வேண்டி வரும். நாற்றத்துக்குக் காரணம் அதிக ஈரமும் காற்றின்மையும். ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி, ஒழுகினால் ஈரம் அதிகம். சமையல் கழிவு இரண்டு, மூன்று பங்குக்கு ஒரு பங்கு உலர்ந்த பொருள் சேர வேண்டும். மரமே இல்லாத குடியிருப்பில் காய்ந்த இலைக்கு எங்கே போவது? இதை முன்கூட்டியே யோசிப்பவர்கள் குறைவு. மரப்பட்டறைத் தூள் நல்லது, ஆனால் பிளைவுட் தூளில் பசை கலந்திருக்கும், அது வேண்டாம். முதிர்ந்த உரத்தைச் சலித்த பின் மிஞ்சும் கட்டிகளையும் திரும்பப் போடலாம்.

குவியல் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது. நோய்க் கிருமி அழிய 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் 15 நாள் இருந்து, அதற்குள் 5 முறை புரட்டியிருக்க வேண்டும். புரட்டும்போது ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வர வேண்டும். டயப்பரும் மலம் கலந்த பைகளும் வரும் குடியிருப்பில் இந்த விதியைத் தளர்த்தவே கூடாது.

முதிர இரண்டு, மூன்று மாதம் ஆகும். நாளொன்றுக்கு ஒரு டன் ஈரக் குப்பை வந்தால், பிரிக்க, புரட்ட, முதிரவிட, சலிக்க எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 300 சதுர மீட்டர் தேவை. கிடைக்கும் உரமோ 200 முதல் 250 கிலோதான். அந்த இடம் இல்லையென்றால் பெரிய உரக்கூடத்தை விட்டுவிடுங்கள். டாக்காவில் 1995-இல் தொடங்கிய வேஸ்ட் கன்சர்ன் அமைப்பு, துளையிட்ட பீப்பாய்களைக் குடிசைப் பகுதிகளில் வைத்தது. சில குடும்பங்கள் ஒரு பீப்பாயைப் பகிர்ந்துகொண்டன. இடமற்ற இடங்களுக்கு அதுவே பொருத்தம்.

ஏற்கெனவே வேலை செய்பவர்களைத் தள்ளிவிடுவது

எந்தக் குடியிருப்பிலும் உங்களுக்கு முன்பே பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கி விற்பவர்கள் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு சீருடைப் பணியாளர்களைக் கொண்டுவந்தால் என்னவாகும் என்பதை எகிப்தின் கெய்ரோ காட்டியது. 2003-இல் நகரம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. வீட்டு வாசலில் வாங்கி, பெரும்பகுதியை மறுசுழற்சி செய்துவந்த ஜப்பாலீன் மக்கள் ஒதுக்கப்பட்டார்கள். குடியிருப்பவர்கள் தெருத்தொட்டிக்குக் குப்பையைத் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. 2009-இல் பன்றிக்காய்ச்சல் அச்சத்தில் ஜப்பாலீன் மக்கள் வளர்த்த பன்றிகளையும் அரசு அழித்தது. உணவுக் கழிவை உண்டு தீர்த்தவை அந்தப் பன்றிகள்தான். கழிவு தெருவில் குவிந்தது.

புனேயில் இதற்கு நேர்மாறு: குப்பை சேகரிப்போரே உறுப்பினர்களான ஸ்வச் கூட்டுறவு 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்தது, வீடுகள் கொடுக்கும் கட்டணம் சேகரிப்பவர் கைக்கே போகிறது. ஆகவே முதல் வாரத்திலேயே பொறுக்குவோரின் பெயர்ப் பட்டியலை எடுத்து, வேலையை முதலில் அவர்களுக்கே கொடுங்கள்.

பணக் கணக்கு

மறுசுழற்சி வருமானத்தில் சம்பளம் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை தவறு. நல்ல விலை போகும் பொருளை வீட்டுக்காரரே காயலான் கடைக்குப் போட்டுவிடுவார். ஒரு டன்னில் உங்கள் கைக்கு 50 கிலோ வந்தாலே அதிகம். விலையும் உங்கள் கையில் இல்லை. 2018 ஜனவரியில் சீனா கழிவுப் பிளாஸ்டிக், தரம் பிரிக்காத கழிவுக் காகிதம் ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்தபோது பல நாடுகளில் விலை சரிந்தது. சம்பளம் வீட்டுக் கட்டணத்திலிருந்தும் நகராட்சிப் பங்கிலிருந்தும் வரட்டும். விற்ற பணம் ஊக்கத்தொகைக்கும் பழுதுக்கும் போகட்டும்.

தொடக்க ஆறு மாதத்துக்கு 60 விழுக்காட்டு வீடுகளே கட்டணம் கட்டும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். தினக்கூலிக் குடும்பங்களிடம் மாதக் கடைசியில் கேட்காமல் வாரந்தோறும் வாங்குங்கள், சிறு தொகைக்கும் ரசீது கொடுங்கள். வண்டி வாங்கக் கொடை கிடைக்கும், டயருக்கும் பேரிங்குக்கும் கிடைக்காது. ஆகவே தேய்ந்த பாகங்களை மாற்ற முதல் மாதத்திலிருந்தே நிதி ஒதுக்குங்கள். வரவு செலவைப் பொதுப் பலகையில் எழுதுங்கள், வங்கியில் இருவர் கையெழுத்து வைக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

பணியாளரின் உடல்

மெல்லிய மருத்துவமனைக் கையுறை கண்ணாடித் துண்டைத் தடுக்காது. உள்ளங்கையில் தடித்த நைட்ரைல் ரப்பர் பூசிய கையுறையும், அடித்தகடு வைத்த காலணியும் வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம், ஆறு மாதம். வேலை தொடங்கும் நாளிலேயே முதல் ஊசியையும், தேவைப்பட்டால் டெட்டனஸ் ஊசியையும் போட்டுவிடுங்கள். வீட்டில் இன்சுலின் ஊசி பயன்படுத்துவோருக்குத் திருகு மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் புட்டியைக் கொடுத்து, நிறைந்ததும் தனியே வாங்குங்கள். அந்தப் புட்டியைக் குப்பை வண்டியில் ஏற்றக் கூடாது, நேரே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.