ஆர்தர் மன்னர் உண்மையில் வாழ்ந்தாரா? நீங்களே தேடிப் பார்க்கும் முறை

வட்டமேசை, கல்லில் செருகிய வாள், மந்திரவாதி மெர்லின். பிரிட்டனின் ஆர்தர் மன்னரைப் பற்றிய இந்தக் கதைகளுக்கு அடியில் நிஜமாகவே ஒரு மனிதர் இருந்தாரா என்று தேட ஆசையா? ஆரம்ப காலத்திலிருந்து தொடங்காதீர்கள். பலமுறை வெள்ளையடித்த சுவரைச் சுரண்டுவது போல, மேல் பூச்சிலிருந்து உள்ளே போங்கள்.

படி 1: ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். ஆண்டு, எழுதியவர், அவர் புதிதாகச் சேர்த்தது. முதல் வரி 1485. தாமஸ் மாலரி தொகுத்த நூல் அச்சான ஆண்டு அது. நாம் இன்று கேட்கும் கதை பெரும்பாலும் அவர் தொகுத்த வடிவம்தான்.

படி 2: அப்புறம் 12ஆம் நூற்றாண்டு. கனமான பூச்சு இங்கேதான். ஆர்தரின் வீரரான லான்சலாட்டின் காதலைப் பாடியவர் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியேன் தெ துருவா. வட்டமேசை 1155இல் வாஸ் என்ற கவிஞர் எழுதியதில் வருகிறது. ஐரோப்பாவை வென்ற பேரரசராக ஆர்தரை உயர்த்தியவர், 1130களில் எழுதிய மான்மத் ஊர் ஜெஃப்ரி. இவற்றையெல்லாம் அடித்துவிடுங்கள்.

படி 3: இங்கே நிதானமாகப் படியுங்கள். 830 வாக்கில் எழுதப்பட்ட ‘பிரித்தானியர் வரலாறு’ என்னும் லத்தீன் நூலில் ஆர்தர் வருகிறார், ஆனால் மன்னராக இல்லை. அரசர்களோடு சேர்ந்து சாக்சன்கள் என்ற ஜெர்மானிய இனத்தவரை எதிர்த்த படைத்தலைவர். 12 போர்கள். கடைசியாக பேடன் குன்றில் ஒரே பாய்ச்சலில் 960 பேரை அவர் ஒருவரே வீழ்த்தினாராம்! பின்னால் வந்த வேல்ஸ் ஆண்டுக்குறிப்பு, அந்தப் போரில் அவர் மூன்று நாள் சிலுவையைத் தோளில் சுமந்தார் என்கிறது. பழைய வேல்ஷ் மொழியில் தோளுக்கும் கேடயத்துக்கும் ஏறத்தாழ ஒரே சொல். கேடயத்தில் வரைந்திருந்த சிலுவை மொழிபெயர்ப்பில் தோளுக்கு ஏறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

படி 4: 6ஆம் நூற்றாண்டுத் துறவி கில்டாஸ், ஏறக்குறைய பேடன் போர் நடந்த காலத்தவர். பேடன் போரைச் சொல்கிறார், அம்ப்ரோசியஸ் அவுரேலியானஸ் என்ற தலைவரையும் சொல்கிறார். ஆர்தர் பெயர் மட்டும் இல்லை. 731இல் எழுதிய பீட் என்ற ஆங்கிலேயத் துறவியும் ஆர்தரைச் சொல்லவில்லை. இந்த மௌனத்தையும் நோட்டில் குறியுங்கள்.

படி 5: சரி, யாராக இருக்கலாம்? ஒவ்வொருவரையும் பெயர், காலம், இடம் என்று மூன்றிலும் உரசிப் பாருங்கள். ரோமானிய அதிகாரி லூசியஸ் ஆர்டோரியஸ் காஸ்டஸுக்குப் பெயர் ஒத்துவரும்; காலமோ சில நூற்றாண்டுகள் முந்தியது. ரியோதாமஸ் 470 வாக்கில் பிரித்தானியப் படையை நடத்தினார், ஆனால் இன்றைய பிரான்ஸில். அம்ப்ரோசியஸுக்குக் காலமும் இடமும் பொருந்தும், பெயர்தான் பொருந்தாது.

அம்ப்ரோசியஸை அடித்துவிடாமல் வைத்துக்கொண்டு, ‘கொடோதின்’ என்னும் பழைய வேல்ஷ் பாடலுக்குப் போங்கள். போரில் மடிந்த ஒரு வீரனைப் புகழ்ந்துவிட்டு, ‘ஆனாலும் அவன் ஆர்தர் அல்லன்’ என்கிறது அது. கையில் இருக்கும் ஏடு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பாடல் அதைவிடப் பழையது. அந்த வரி எந்தக் காலத்துக்கு உரியது? உங்கள் நோட்டில் அடுத்த கேள்வி அதுதான்.