பிச்சாவரத்தில் ஒரு நாள்: ஓதம் தெரியாமல் போவதால் வரும் தவறுகள்

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கி.மீ. போனால் பிச்சாவரம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலைத் தொடும் இடத்தில் நடுவே சுரபுன்னைக் காடு. படகுத்துறையில் நின்று பார்த்தால் அசையாத ஏரி மாதிரி தெரியும். அப்படி நினைத்துக்கொண்டு கிளம்புவதுதான் முதல் தவறு. இது கழிமுகம். சுமார் ஆறு மணி நேரம் கடல் உள்ளே ஏறும், அடுத்த ஆறு மணி நேரம் வற்றும். இதுதான் ஓதம்.

ஓதத்தில் தண்ணீர் ஏறி இறங்கும் அளவு இங்கே ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் காட்டுக்குள் போகும் வாய்க்கால்கள் பலவற்றின் ஆழமே அவ்வளவுதான் இருக்கும். நன்றாக வற்றிய நேரத்தில் போனால் படகின் அடி சேற்றில் உரசும், குறுகிய வாய்க்காலுக்குள் நுழைய முடியாமல் படகோட்டி வெளியிலேயே சுற்றிக் காட்டித் திருப்பிவிடுவார். முழுக்க ஏறியிருந்தால் கிளைகள் தலையில் இடிக்கும், வேர்களும் தண்ணீருக்குள் மறைந்துவிடும். வற்றி முடிந்து மறுபடி பாதி அளவு ஏறியிருக்கும் நேரம்தான் சரி. கணக்கு எளிது: உச்ச ஏற்றம் காலை 8 மணிக்கு என்றால் வற்றம் பிற்பகல் 2 மணி சுமாருக்கு. மறுநாள் எல்லாமே ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம், அஷ்டமி நவமியில் குறைவு. நாளைத் தேர்ந்தெடுக்கும்போது விடுமுறையோடு திதியையும் பாருங்கள். முந்தின நாளே படகுத்துறையில் “நாளைக்கு எப்போ தண்ணி ஏறும்?” என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது படகு. கூட்டமாக வருகிறவர்கள் பெரும்பாலும் மோட்டார் படகைத்தான் கேட்பார்கள், அதிக தூரம் போகலாம் என்று. தூரம் போகும், உண்மைதான். ஆனால் மரங்கள் இருபுறமும் கூடி மேலே பந்தலிட்ட குறுகிய வாய்க்கால்களுக்குள் அது போகாது. காட்டைப் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் துடுப்புப் படகே எடுங்கள். சத்தம் இல்லாததால் கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் அருகிலேயே உட்கார்ந்திருக்கும். வலசைப் பறவைகளுக்காக வருகிறவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் குறுக்கிடும் என்பதால் தை மாதமே நம்பகமானது.

உயிர்காப்புச் சட்டை

எல்லோரும் போடுகிறார்கள், சரியாகப் போடுகிறவர்கள் குறைவு. வெயிலுக்காகப் பூட்டுகளைக் கழற்றிவிட்டுத் தோளில் தொங்கவிட்டால், தண்ணீரில் விழுந்ததும் சட்டை மேலே மிதக்கும், ஆள் கீழே போவார். எல்லாப் பூட்டுகளையும் மாட்டிப் பட்டையை இழுத்து இறுக்குங்கள். பிறகு இன்னொருவர் இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். சட்டை காது வரை ஏறினால் அது தளர்வு, அல்லது அளவு பெரிது. குழந்தைக்குப் பெரியவர் சட்டையைப் போட்டுக் கயிறு கட்டிச் சமாளிக்கவே கூடாது. குழந்தை அளவுச் சட்டை இல்லை என்றால் அது வரும்வரை காத்திருங்கள், அல்லது குழந்தையோடு ஒருவர் கரையில் இருங்கள்.

படகில் எழுந்து நின்று படம் எடுப்பதும், ஒரே பக்கம் எல்லோரும் சாய்வதும் ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. பலருக்குத் தெரியாதது வேர்களைப் பற்றி. வளைந்து தண்ணீருக்குள் இறங்கும் முட்டுவேர்களில் சிப்பியும் கொட்டலசும் அப்பியிருக்கும். அவற்றின் விளிம்பு பிளேடு மாதிரி. படகை நிறுத்தக் கையால் வேரைப் பிடித்தால் உள்ளங்கை கிழியும், சேற்று நீர் பட்டுச் சீழ் வைக்கும். கையைப் படகுக்குள்ளேயே வையுங்கள்.

இன்னொன்று, தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான், நடராசர் கோயிலின் தல விருட்சமும் இதுதான். ஊருக்குள் இன்று தில்லைவனம் இல்லை, மரத்தைப் பார்க்க இந்தக் கழிமுகத்துக்குத்தான் வரவேண்டும். பக்தியோடு ஓர் இலையைக் கிள்ளினால் காம்பிலிருந்து வெள்ளைப் பால் சொட்டும். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் கடும் எரிச்சலோடு தற்காலிகமாகப் பார்வையே மங்கிவிடும். பட்டுவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீரை 15 நிமிடமாவது ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எந்தக் கிளையையும் ஒடிக்காதீர்கள். 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. கடலுக்கு நேர் எதிரே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவ ஊர் கடுமையாக அடிபட்டது. அந்த வித்தியாசத்துக்கு இந்த மரங்களும் ஒரு காரணம்.

முகத்துவாரமும் கொள்ளிடமும்

குளிக்க வேண்டாத இடம் ஒன்று உண்டென்றால் அது முகத்துவாரம். மணல் திட்டில் முழங்கால் அளவுத் தண்ணீர், குழந்தைகள் விளையாடலாம் என்று தோன்றும். வற்றத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் அத்தனை தண்ணீரும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்கு ஓடும். வற்றத்தின் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் இழுப்பு அதிகம். காலடி மணலே அரித்துக்கொண்டு போகும். நன்றாக நீந்துகிறவர்களையும் அது இழுத்துவிடும். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்தபடி, இழுப்பு தளரும் இடத்தில் பக்கவாட்டில் கரை சேர முயல வேண்டும்.

கழியின் ஆழமில்லாத மணலில் நடப்பதென்றால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப்போகும். முள் குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை ஒரு மணி நேரம் வரை வைத்தால் வலி குறையும். பிறகு கட்டாயம் மருத்துவமனை.

கொள்ளிடத்தில் இறங்குகிறவர்களுக்கு ஆடி, ஆவணி மாதங்களில் இன்னொரு கணக்கு இருக்கிறது. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டால் உபரி நீர் திருச்சி அருகே உள்ள முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்துக்குத்தான் வரும். வானம் வெளுத்திருக்கும், உள்ளூரில் ஒரு சொட்டு மழை இருக்காது, ஆற்றில் மட்டும் தண்ணீர் ஏறும். நடுத்திட்டில் சமைத்துச் சாப்பிட உட்கார்ந்தவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு இருக்கின்றன, இடுப்பளவில் நடப்பவர் அடுத்த அடியில் ஆள் ஆழத்தில் நிற்பார். அணை நிறைந்த செய்தி வந்த வாரத்தில் ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம்.

யாராவது மூழ்கினால் உடனே குதிக்காதீர்கள், இரண்டாவது உயிர் போவது அதனால்தான். வேட்டி, புடவை, கயிறு, மூடியை இறுக்கிய காலி ஐந்து லிட்டர் கேன், எது கிடைக்கிறதோ அதை எறிந்து கரையில் படுத்தபடி இழுங்கள். ஆம்புலன்சுக்கு 108, கடலோரக் காவலுக்கு 1093.

நேரத்தை வகுப்பதிலும் ஒரு பிசகு நடக்கும். காலையில் கோயில், மதியம் படகு என்று திட்டமிடுவார்கள். திறந்த நீர்ப்பரப்பில் நிழலே கிடையாது, பிற்பகல் கடல்காற்றில் துடுப்பு வலிப்பதும் கடினம். நடராசர் கோயில் மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். ஆகவே காலை முதல் படகு, மதியம் பக்கத்து ஊரான கிள்ளையிலோ சிதம்பரத்திலோ சாப்பாடு, மாலை கோயில். காட்டுக்குள் குடிநீர் கிடைக்காது, ஆளுக்கு ஒரு லிட்டராவது, திரும்பக் கொண்டுவரும் பாட்டிலில் எடுத்துப்போங்கள்.