கால்வாய் ஓரத்து வீட்டில் தரை போடும்போது நடக்கும் தவறுகள்

சித்திரை வெயிலில் தரையைத் தொட்டுப் பார்த்து, ஈரமே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய், பாளையங்கால்வாய் ஓரத்துப் பழைய வீடுகளில் கால்வாய் வற்றிய மாதங்களில் தரை காய்ந்துதான் கிடக்கும். தண்ணீர் திறந்து வயல் நனைந்த பிறகுதான் மண்ணின் ஈரம் மேலேறும். அந்தக் காலத்துச் செங்கல், சுண்ணாம்புத் தரையில் அதைத் தடுக்க அடியில் ஒன்றும் கிடையாது.

ஆகவே சோதனையை ஐப்பசி, கார்த்திகையில் வையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கு அடியில் நீர் முத்துக் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். பட்டாசல் (வீட்டின் கூடம்) நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று என மூன்று இடத்திலாவது பார்க்க வேண்டும்.

ஈரம் தெரிந்தால் லேமினேட் மரத்தரையை மறந்துவிடலாம். உள்ளே இருப்பது மரநாரை அழுத்திய பலகை. விளிம்பு ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் படியாது. கரையானுக்கும் அது தீனி. வினைல் சுருளில் வேறு சிக்கல்: ஈரத்தோடு ஏறும் உப்பு பசையை இளக்கிவிடும், நடுவில் குமிழ் கிளம்பும். கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்பிசி பலகை நீரில் உப்பாது, உண்மைதான். ஆனால் கடைக்காரர் சொல்லும் ‘வாட்டர் புரூஃப்’ பலகைக்குத்தான், அடியில் தேங்கும் ஈரத்துக்கு அல்ல. பூஞ்சை வாடை அங்கிருந்துதான் வரும்.

‘அப்படியானால் விட்ரிஃபைடு டைல்ஸ்’ என்பார்கள். அது உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. டைலுக்கு ஒன்றும் ஆகாது. தரையில் வழியடைபட்ட ஈரம் சுவரில் ஏறும், ஓரிரு அடி உயரத்துக்குப் பூச்சு பொரியும். சுண்ணாம்புச் சுவர் வீட்டில் தட்டோட்டுத் தரை (சுட்ட மண் ஓடு பதித்தது) இருந்தால் ஈரம் அதன் வழியே வெளியேறும்; அதை உடைக்காதீர்கள், மேலே பெயின்ட்டும் பூசாதீர்கள்.

உடைத்தே ஆக வேண்டுமென்றால், மணலை நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து, மட்டம் பார்த்து, 1000 கேஜ் தடிமனுள்ள பாலித்தீன் விரியுங்கள். ஜல்லிமேல் நேராக விரித்தால் கிழியும். இணைப்பில் ஆறு அங்குலம் மேலேற்றி டேப் ஒட்டி, ஓரங்களைச் சுவரில் திருப்பிவிட வேண்டும். அதன்மேல் நான்கு அங்குலக் கான்கிரீட். கொட்டும்போது மம்பட்டி தாளில் படாமல் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. தாள் கிழிந்தால் செலவு முழுக்க வீண்.

இங்கே பலர் சறுக்குவது 28 நாள் கணக்கில். அது கான்கிரீட் வலுப்பெறும் கணக்கு, காயும் கணக்கல்ல. காய்வதற்கு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். நான்கு மாதம் பொறுத்து, பாலித்தீன் சோதனையை மறுபடி வைத்த பிறகே மேல்விரிப்பு. எஸ்பிசி என்றால் இரண்டு மீட்டர் நீளத்தில் பள்ளம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பலகைகளைக் கோக்கும் பூட்டு உடையும். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

உடைக்கவும் வசதியில்லை, ஈரமும் இருக்கிறது என்றால் பத்தமடைக் கோரைப்பாயே போதும். ஒட்ட வேண்டாம், காலையில் சுருட்டி வெயிலில் போட்டுவிடலாம்.

2023 டிசம்பர் வெள்ளம்போல வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் எஸ்பிசியை அப்படியே விட்டுவைக்காதீர்கள். பலகைகளின் பின்புறம் எண் எழுதிக் கழற்றி, வண்டலைக் கழுவி, நிழலில் தட்டையாக உலர்த்துங்கள். அடியில் போட்ட ஃபோம் தாள் மறுபடி உதவாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.