அல்ஸ்வாட்டர் ஏரியைச் சுற்றி ஒரே நாளில் 32 கிலோமீட்டர்: முதல்முறை நடப்பவர்களுக்கு

நாள் முழுக்க மலையடிவாரத்தில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "என்னால் முடியுமா?" என்றுதான். "முடியாமல் போனால் எங்கே நிறுத்திக்கொள்ளலாம்?" என்று கேட்டுப் பழகுங்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் பாதைதான் முதல் நீண்ட நடைக்கு ஏற்றது. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில், அல்ஸ்வாட்டர் ஏரியைச் சுற்றிவரும் பாதையை நான் பரிந்துரைப்பது அதனால்தான். வழியில் ஹவ்டவுன், கிளென்ரிடிங், ஏரா ஃபோர்ஸ் ஆகிய இடங்களில் படகுத்துறைகள் உண்டு. கால் ஓய்ந்தால் படகேறிவிடலாம்.

முதலில் பகல் வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள்

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 32 கிலோமீட்டருக்கு, ஏற்றத்தைச் சேர்க்காமலேயே 6 மணி 24 நிமிடம் ஆகிறது. மொத்த ஏற்றம் 600 மீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட ஏழரை மணி நேரத்தை நெருங்கிவிடும். இது நடந்து பழகியவர்களின் வேகம். இதில் ஓய்வு நேரமும் சேரவில்லை. புதியவர்கள் பத்து மணி நேரம் ஒதுக்குவதே நியாயம்.

ஜூன் மாதத்தில் அங்கே பகல் ஏறத்தாழ 17 மணி நேரம் நீடிக்கிறது. டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. ஆகவே முழுச் சுற்றுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை எந்த மாதத்தையும் தேர்ந்தெடுக்கலாம். குளிர்காலத்தில் முயலவே வேண்டாம்.

வரைபடத்தைப் படித்துப் பாருங்கள்

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரிசையில் 'ஓஎல் 5' என்ற தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். பச்சை நிறத்தில் விட்டுவிட்டு வரும் கோடுகள் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் நெருங்கி வரும் இடத்தில் மூச்சு வாங்கும் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. காகித வரைபடம் பையில் இருக்கட்டும்.

பையும் காலும்

இங்கிலாந்திலேயே மிக அதிகமாக மழை பெறும் மலைப்பகுதி இது. கோடையிலும் மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, விசில், தலைவிளக்கு, தண்ணீர், கையில் வைத்தே தின்னக்கூடிய உணவு ஆகியவை வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், எளிதில் காயாது.

எல்லாவற்றையும்விடப் பாதங்களைக் கவனியுங்கள். கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் குதிகாலில் ஓர் இடம் மட்டும் சூடாக உரசும். பலரும் அடுத்த ஓய்விடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்துவிடுகிறார்கள். அந்த நொடியிலேயே உட்காருங்கள். காலணியைக் கழற்றி, காலுறையைத் திருப்பி உள்ளே ஒட்டிய மணலைத் தட்டி, ஈரத்தைத் துடைத்து, சிவந்த இடத்தில் சுருக்கமில்லாமல் பிளாஸ்டர் ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அதைத் தள்ளிப்போட்டால் மாலையில் ஒவ்வோர் அடிக்கும் விலை கொடுப்பீர்கள்.

ஒத்திகை

முழுச் சுற்றுக்குச் சில வாரங்களுக்கு முன் கிளென்ரிடிங்கில் காலையில் படகேறி ஹவ்டவுனில் இறங்குங்கள். அங்கிருந்து கரையோரமாக நடந்தே கிளென்ரிடிங் திரும்புங்கள். ஏறத்தாழ 11 கிலோமீட்டர். படகை முதலில் முடித்துவிடுவதால் கடைசிப் படகைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை.

என் கண்ணுக்கு இந்த ஏரியின் மிக அழகான பகுதியும் இதுதான். சாண்ட்விக் என்ற சிற்றூரைத் தாண்டியதும் 657 மீட்டர் உயர பிளேஸ் ஃபெல் மலையின் அடிவாரத்தில் பாதை மரவேர்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே ஏறி இறங்கிச் செல்கிறது. வரைபடத்தில் கரையோரப் பாதை சமமாகத் தெரியும். கால் அப்படிச் சொல்லாது. ஈரமான பாறையில் பாதத்தை முழுதாகப் பதித்து, சிறு அடிகளாக வையுங்கள்.

முழுச் சுற்று

பென்ரித் ரயில் நிலையத்திலிருந்து 508 எண் பஸ், நடை தொடங்கும் பூலி பிரிட்ஜ் ஊருக்குப் போகிறது. ஆனால் விடிந்ததும் நடையைத் தொடங்க முந்தைய இரவே அங்கே தங்குவது நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஊரின் பழைய கல்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. இப்போதுள்ள எஃகுப் பாலம் 2020இல் திறக்கப்பட்டது.

ஏரி உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி நடங்கள். முதலில் ஹவ்டவுன், பிறகு பேட்டர்டேல், கிளென்ரிடிங், ஏரா ஃபோர்ஸ் அருவி, மீண்டும் பூலி பிரிட்ஜ். வழியில் ஆட்டுப்பட்டிகளின் கதவுகள் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். கல் அடுக்கிய சுவர்களில் ஏற வேண்டாம். கடப்பதற்கென்றே படிகளும் கதவுகளும் இருக்கின்றன.

கிளென்ரிடிங்கில் பாதி தூரத்துக்கு மேல் முடிந்திருக்கும். அங்கே உட்கார்ந்து மணியைப் பாருங்கள். பிற்பகல் மூன்றைத் தாண்டியிருந்தால், அல்லது முழங்கால் வலிக்கத் தொடங்கியிருந்தால், படகேறுங்கள். அன்றைய கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே எழுதிவைத்திருக்க வேண்டும். பருவத்துக்கேற்ப அட்டவணை மாறும்.

கிளம்பும் முன் உங்கள் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அடிபட்டு நகர முடியாமல் போனால் அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள். உதவிக்கு ஆள் வந்து சேரும்வரை நிறுத்தாதீர்கள். விசில் சத்தம்தான் அவர்களை உங்களிடம் அழைத்துவரும்.